கார் ஷெட்டில் பட்டப்பகல்

எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் எல்லாம் இருக்கிறது, கார் மட்டும் இல்லை. அது பல வருஷமாகத் தெருவோர வேப்பமரத்தடியில் நின்று காக்காய்களுக்குச் சேவை செய்துகொண்டிருக்கிறது. ஷெட்டில் என் மேஜை, ஒரு பெஞ்சு வைஸ், ட்ரில்லிங் மெஷின், என்றைக்காவது உதவும் என்று சேர்த்து வைத்த இரண்டு மூட்டை மரத்துண்டுகள், யார் வீட்டு மிக்ஸியினுடையது என்றே மறந்துபோன ஒரு மோட்டார். வாரநாட்களில் நான் வங்கிக் காசாளர். ஞாயிற்றுக்கிழமை தச்சன்.

இத்தனைக்கும் சேர்த்து ஷெட்டில் இருந்தது ஒரே ஒரு விளக்கு, வீடு கட்டியபோது அப்பா மாட்டிய நாலடி ட்யூப் லைட். சுவிட்சைப் போட்டால் முதலில் ஒரு முனை சிவக்கும். மறுமுனை யோசிக்கும். ஸ்டார்ட்டர் ‘டிக், டிக்’ என்று எதையோ எண்ணும். நான் உள்ளே போய் டீ குடித்துவிட்டு வருவதற்குள் எப்படியும் எரிந்துவிடும்.

என் மனைவி என்னையும் அதே பெயரில்தான் கூப்பிடுவாள். ராத்திரி சொன்ன ஜோக்குக்குக் காலையில் பல் விளக்கும்போது சிரித்தேன் என்பது என் மேலுள்ள குற்றச்சாட்டு. ட்யூப் லைட் சார்பில் நான் வாதாடியிருக்கிறேன். ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் தகடு சூடாகி வளைந்து தொட வேண்டும், பிறகு ஆறி விலக வேண்டும், விலகும் நொடியில் சோக்கு ஓங்கி ஓர் உதை விட வேண்டும். அதற்கப்புறம்தான் வெளிச்சம். எங்கள் வங்கியில் நகைக் கடனுக்கே இவ்வளவு சடங்கு கிடையாது.

அப்பாவின் சாய்வு நாற்காலிக்கு ஒரு கை உடைந்தபோதுதான் வினை வந்தது. புதுக் கை செதுக்கி, பழைய கையோடு நிறம் பார்த்துப் பார்த்துப் பாலிஷ் போட்டேன். ஷெட்டுக்குள் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். வாசலுக்குக் கொண்டுவந்தால் ஒரு கை கருப்பட்டி, ஒரு கை நாட்டுச் சர்க்கரை.

கோவை கணபதியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் மச்சானிடம் புலம்பினேன். “மாப்ளே, கலரு மாறுனா தோலு போகாது. நீ அந்த வெளிச்சத்துல ட்ரில் ஓட்டறியே, அதச் சொல்லு மொதல்ல” என்றார். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக்கு வைத்த ட்யூப் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மெஷின் சுற்றும் வேகம் அந்தத் துடிப்போடு ஒத்துப்போனால், ஓடுகிற மெஷின் நின்றதுபோலத் தோன்றும். நின்றதென்று நினைத்துக் கையை வைத்தால், பணத்தை எண்ண விரல் இருக்காது. பட்டறைகளில் லேத்துக்குப் பக்கத்திலேயே தனியாகக் குண்டு பல்பு வைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாம். அதன் இழை சட்டென்று ஆறாது, அதனால் அவ்வளவு துடிக்காது.

அன்றிரவே கணக்குப் போட்டேன். ஷெட் 10 அடிக்கு 18 அடி, கிட்டத்தட்ட 17 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் வெளிச்சம் விழுந்தால் ஒரு லக்ஸ். உட்கார்ந்து எழுதும் மேஜைக்கே 300 முதல் 500 லக்ஸ் வேண்டும். புத்தம்புது 40 வாட்ஸ் ட்யூப் சுமார் 2,400 லூமென் தரும். 17ஆல் வகுத்தால் 141. எங்களுடையதோ இரண்டு முனையும் கறுத்து, மேலே ஒரு பல்லிக் குடும்பத்தையும் தாங்கிக்கொண்டிருப்பது. 20 வாட்ஸ் எல்இடி பட்டி ஒவ்வொன்றும் 2,000 லூமென். நாலு மாட்டினால் 470 லக்ஸ்.

“நாலா?” என்றார் அப்பா. வாரம் ஒரு நாள் நாலு மணி நேரம் எரித்தால் இரண்டு மாதத்துக்கு மூன்று யூனிட்கூட வராது என்று விளக்கினேன். “அந்த மூணுல நூறு தாண்டிருச்சுன்னா?” முதல் 100 யூனிட் இலவசம் என்பதை அப்பா சலுகையாக நினைப்பதில்லை. அது லட்சுமணன் கிழித்த கோடு.

கடையில் வேறு சோதனை. 6500 கெல்வின் நீல வெள்ளை வேண்டாம், 4000 கொடுங்கள், நிறத்தைச் சரியாகக் காட்டும் சிஆர்ஐ 90க்கு மேல் இருக்கட்டும் என்றேன். கடைக்காரர் என்னை வியாதிக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்து, “நிக்காதுங்க, சொல்லித்தான் வரணும்” என்றார். பத்து நாள் காத்திருந்தேன்.

எலெக்ட்ரீஷியன் தம்பி அரை மணி நேரத்தில் நாலையும் நடுக்கூரையில் ஒரே வரிசையாக மாட்டிவிட்டார். சுவரோரம் இருக்கும் மேஜை முன்னால் போய் நின்றேன். வெளிச்சம் முழுக்க என் முதுகில். அறுக்க வேண்டிய கோட்டின் மேல் என் தலை நிழல். சொன்னேன். “நீங்க கொஞ்சம் நகந்து நின்னீங்கன்னா நல்லா வெளிச்சம் வருங்ணா” என்றார். கெஞ்சிக் கூத்தாடி இரண்டை மட்டும் மேஜை விளிம்புக்கு நேர் மேலே மாற்ற வைத்தேன்.

சுவிட்சைப் போட்டேன். பட்டென்று பகல். மறுகணம் ஏன் போட்டோம் என்றாகிவிட்டது. நேர்கோடு என்று நான் அறுத்ததெல்லாம் வைகை ஆறாக வளைந்திருந்தது. மட்டமென்று நம்பிய அலமாரி கிழக்கே சாய்ந்திருந்தது. “ஏனுங்க, இதுக்குள்ளயா இத்தன நாளா உக்காந்திருந்தீங்க?” என்று மனைவி மூட்டைகளைப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் ஒரு மூட்டை பழைய இரும்புக் கடைக்காரர் வண்டியில் ஏறிவிட்டது.

ராத்திரி ஐப்பசி மழை விட்டதும் நாற்காலியின் கைக்குத் திரும்பப் பாலிஷ் போட உட்கார்ந்தேன். கம்பிக் கேட் வழியாக வந்தது ஈசல். எங்கள் தெரு ஈசல் மட்டுமல்ல, பக்கத்துப் பஞ்சாயத்து ஈசலும். காயாத பாலிஷில் ஒட்டிய சிறகுகளை எண்ணவில்லை, எண்ணுவது என் வாரநாள் வேலை. அப்பா எட்டிப் பார்த்து, “உள்ள என்றா, கண்ணாலமா நடக்குது?” என்று கேட்டு நாலையும் அணைத்தார்.

புது விளக்கு மாட்டப் போகிறவர்களுக்கு என் அனுபவம்: பெட்டியில் வாட்ஸைப் பார்க்காதீர்கள், லூமெனைப் பாருங்கள். விளக்கு முதுகுக்குப் பின்னால் வேண்டாம், கைக்கு மேலே இருக்கட்டும். வேலையைத் தை மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ட்யூபைத் தூக்கிப் போட்டுவிட்டோம். மனைவி பெயரை மாற்றவில்லை.