செக்போஸ்ட் தாண்ட ஓர் இன்சூரன்ஸ்

வாழ்த்துகள் முதலாளி! வயது 23, கையில் ஹெவி லைசென்ஸ், அம்மாவின் நகையை வைத்து வாங்கிய செகண்ட் ஹேண்ட் டாரஸ் லாரி. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் உங்களுக்கு முன்னே வண்டி வாங்கியவர்கள் நல்ல தடம் போட்டு வைத்திருக்கிறார்கள், அதிலேயே போங்கள். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இன்சூரன்ஸ் என்பது போலீஸ்காரரிடம் நீட்டுகிற காகிதம். அதிலிருந்து பணம் வரும் என்று நினைத்தால் செலவு கூடிவிடும்.

1. ஆர்.சி. பழைய ஓனர் பெயரிலேயே இருக்கட்டும். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் படிவங்கள் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன, போதும். கைமாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் மாற்றிக் கேட்க வேண்டுமாம். அந்த நேரத்தில் குஜராத்துக்கு ஒரு லோடு அடித்துவிடலாம். தேர்டு பார்ட்டி கவர் வண்டியோடு வந்துவிடும்; உங்கள் வண்டியின் சேதத்துக்கான கவர்தான் வராது. போகட்டும், உங்கள் வண்டிதானே.

2. தேர்டு பார்ட்டி பிரீமியத்துக்கு நாள் முழுக்கப் பேரம் பேசுங்கள். 20 டன்னுக்கு மேல் 40 டன் வரை மொத்த எடையுள்ள சரக்கு லாரிக்கு 2022 ஜூன் முதல் அரசு நிர்ணயித்தது 43,950 ரூபாய். எந்தக் கம்பெனிக் கதவைத் தட்டினாலும் அதேதான். ஆனாலும் நாலு கம்பெனி ஏறி இறங்குங்கள். களைத்துப் போனால்தான் மூன்றாவது படிக்கு மனம் வரும்.

3. வண்டி மதிப்பைக் குறையுங்கள். ஐ.டி.வி. என்று ஏஜென்ட் சொல்வது இதைத்தான். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு இது நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்வது. ஆகவே தாராளமாக இறங்கலாம். 18 லட்சத்து வண்டியை 11 லட்சம் என்று போடுங்கள். பிரீமியம் சில ஆயிரம் குறையும், டீ சாப்பிடலாம். வண்டி எரிந்து ஒன்றுமில்லாமல் போனால் அந்த 11 லட்சமும் நேரே வண்டிக்குக் கடன் கொடுத்த ஃபைனான்ஸ்காரர் கைக்குப் போகும். அவருக்குப் பாக்கி 14 லட்சம். மிச்சம் 3 லட்சத்துக்கு நீங்கள் டியூ கட்டிக்கொண்டே இருக்கலாம், லாரி இல்லாமலேயே. டீசல் செலவே கிடையாது!

4. நோ க்ளெய்ம் போனஸ் உண்டா என்று கேட்பார்கள். உண்டு என்று சொல்லுங்கள், 50 சதவீதம். அது ஓனருக்குச் சேருவது, வண்டிக்கு அல்ல. பழைய ஓனர் ஐந்து வருடம் விபத்தில்லாமல் ஓட்டிச் சேர்த்தது அவரோடு போய்விட்டது. உங்கள் கணக்கு சைபர். இதையெல்லாம் கம்பெனி பிரீமியம் வாங்கும்போது தோண்டாது. பணம் கொடுக்கிற அன்றைக்குத் தோண்டும்.

5. ஐ.எம்.டி. 23 என்று ஒரு வரி வரும். அடித்துவிடச் சொல்லுங்கள். பம்பர், பானெட், மட்கார்டு, ஹெட்லைட், டயர், பெயின்ட் ஆகியவற்றுக்கு அது. லாரி எதில் மோதினாலும் முதலில் நசுங்குவது இவைதாம், தெரியும். ஆனால் நீங்கள்தான் மோத மாட்டீர்களே!

6. பாலிசியை வாட்ஸ்அப்பில் வாங்குங்கள். கம்பெனி முத்திரை கலரில் இருந்தால் அசல். எம்-பரிவாஹன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்து ஏஜென்ட் அண்ணனை அவமதிக்காதீர்கள்.

7. ரின்யூவலைத் தள்ளிப்போடுங்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் முதல் தடவை பிடிபட்டால் அபராதம் 2,000, அடுத்த தடவை 4,000. 43,950 எங்கே, 2,000 எங்கே! அந்த இடைவெளியில் ஒரு பைக்காரர் குறுக்கே வந்தால் நஷ்டஈடு எவ்வளவு என்பதற்குச் சட்டம் உச்சவரம்பு வைக்கவில்லை. அதனால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

8. தூக்கம் வந்தால் ஸ்டீயரிங்கைச் சித்தி பையனிடம் கொடுங்கள். கார் லைசென்ஸ் வைத்திருக்கிறான். அந்த லைசென்ஸில் லாரியும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. 7,500 கிலோ வரைதான் என்று தீர்ப்பில் இருக்கிறதாம். தீர்ப்பை எவன் முழுதாகப் படிக்கிறான்?

9. மோதியாயிற்றா? பதறாதீர்கள். போட்டோ எடுக்காதீர்கள், கம்பெனிக்குப் போன் போடாதீர்கள். வண்டியைப் பட்டறைக்கு இழுத்து கேபினைப் பிரித்து, நசுங்கிய தகட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, பிறகு சர்வேயரைக் கூப்பிடுங்கள். வந்து பார்க்கட்டும்.

10. க்ளெய்ம் படிவத்தில் 'ஓட்டியவர்' என்று ஒரு கட்டம் இருக்கும். ஹெவி லைசென்ஸ் உள்ள மாமா பெயரை எழுதுங்கள். எஃப்.ஐ.ஆரில் சித்தி பையன் பெயர் இருக்கிறது. மாமாவோ அந்த நேரத்தில் ராசிபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டாம் முறை ரசம் கேட்டுக்கொண்டிருந்தார். வீடியோவில் தெளிவாகத் தெரிகிறது. கையெழுத்தை மட்டும் அழுத்திப் போடச் சொல்லுங்கள்.