கேட்காதவருக்கு வீடு பார்த்தல்

யுனைடெட், சிட்டி என்ற மான்செஸ்டரின் இரண்டு கால்பந்து அணிகளில் எதில் புது ஆள் வந்தாலும், அவருக்கு வீடு பார்க்க ஆரம்பித்துவிடுவேன். அவர் கேட்டதில்லை. நான் ஒருவன் இருப்பதே அவருக்குத் தெரியாது. அதற்காக ஊருக்குப் புதுசாக வருகிறவனை அம்போவென்று விட முடியுமா? நான் இருப்பது பக்கத்து ஸ்டாக்போர்ட்டில், பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் இங்கிருந்தே ‘தீர்க்காயுசு’ சொல்லலாம், அப்படி ஒட்டிய வரிசை வீடு. லேப்டாப்பில் மேய்வதெல்லாம் செஷயர் பங்களாக்கள்.

முதல் விதி, ஸ்டேடியத்தைப் பார்க்காதே. லீக்கில் சொந்த மைதானத்து ஆட்டம் ஆண்டுக்கு 19தான். பயிற்சிதான் அநேகமாகத் தினமும். யுனைடெட்டின் பயிற்சி மைதானம் நகருக்கு மேற்கே, கேரிங்டனில். சிட்டியினுடையது கிழக்கே, அவர்களது ஸ்டேடியத்துக்கு எதிரிலேயே. ஆகவே ஒருவர் மேற்கிலும் மற்றவர் கிழக்கிலும் குடியேற வேண்டும் என்றுதானே நினைப்பீர்கள்? இரண்டு பேரும் தெற்கே போகிறார்கள்! ஆல்டர்லி எட்ஜ், வில்ம்ஸ்லோ, பிரெஸ்ட்பரி. செஷயரின் இந்த வட்டாரத்துக்குத் தங்க முக்கோணம் என்றே பெயர். பெக்கம் இருந்தார், ரொனால்டோ இருந்தார், டெவெஸ் இருந்தார். முந்தினவர் போன இடத்துக்கே பிந்தினவரும் போகிறார். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் முழங்காலை ஒருவர் உதைத்துவிட்டு, திங்கட்கிழமை ஒரே சூப்பர்மார்க்கெட்டில் பால் வாங்குகிறார்கள்.

அங்கிருந்து விமான நிலையம் பக்கம் என்பதை ஏஜென்ட் ஒரு வசதியாகச் சொல்வார். எவ்வளவு பக்கம் என்பதை விமானமே வந்து சொல்லும். சத்தத்துக்குப் பயந்து ஊருக்கு வெளியே போனால் ஆடு. 2021இல் யுனைடெட்டுக்குத் திரும்பி வந்த ரொனால்டோ, செம்மறியாடுகள் கத்துகின்றன என்று சில நாளிலேயே வீடு மாறினார் எனப் பத்திரிகைகள் எழுதின. உலகமே கையெடுத்துக் கும்பிடும் மனிதரை ஆடுதான் சரியாக எடை போட்டிருக்கிறது.

அப்புறம் திருடன். நாமெல்லாம் எப்போது வீட்டில் இருக்கமாட்டோம் என்பதை ரகசியமாக வைத்துக்கொள்வோம். இவர்களுடைய லீக் அதை அட்டவணை போட்டு அச்சடித்துக் கொடுக்கிறது. வீட்டில் இருந்தாலும் நிம்மதி இல்லை. அர்ஜென்டினா வீரர் டி மரியா யுனைடெட்டுக்கு வந்தது 2014இல், 59.7 மில்லியன் பவுண்டுக்கு. பிரிட்டனில் அன்றைக்கு அதுதான் உச்ச விலை. அடுத்த ஆண்டு தொடக்கத்தில், பிரெஸ்ட்பரி வீட்டில் குடும்பம் இருக்கும்போதே திருடர்கள் உடைத்துப் புகப் பார்த்தார்கள். குடும்பம் ஹோட்டலுக்குப் போய்விட்டது. இந்த வம்பே வேண்டாம் என்பதுபோல, யுனைடெட்டின் பயிற்சியாளராக 2016இல் வந்த மொரினியோ, 2018 டிசம்பரில் வேலை போகும்வரை சால்ஃபோர்டில் ஹோட்டல் அறையிலேயே காலத்தை ஓட்டினார். குடும்பம் லண்டனில். அவர்தான் விவரமானவர் என்று எனக்கு ஒரு நினைப்பு.

என் அப்பாவுக்கு வங்கியில் மாற்றல் உத்தியோகம். புது ஊரில் கிளைக்கு எது பக்கம் என்று அவர் பார்ப்பார். கிணற்றில் கோடையில் தண்ணீர் நிற்குமா, பள்ளிக்கூட பஸ் வருமா, அக்கம்பக்கத்தில் பேச ஆள் உண்டா என்று அம்மா பார்ப்பாள். ஜெயித்தது எப்போதும் அம்மாவின் கட்சி. ஏனென்றால் வீட்டில் இருக்கப்போவது அவள். கால்பந்துக்காரர் குடும்பத்திலும் அதே கதைதான். அவர் காலையில் பயிற்சிக்குப் போய்விடுவார், வெளியூர் ஆட்டத்துக்கு முந்தின ராத்திரியே கிளம்பிவிடுவார். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிப்போகும் அந்த எட்டு அறை வீட்டில், பாஷை தெரியாத ஊரில், உட்கார்ந்திருப்பது மனைவி. டி மரியாவின் மனைவி பின்னால் அர்ஜென்டினா டிவியில் மான்செஸ்டரைப் பிரித்து மேய்ந்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. ஏஜென்ட் அந்த அம்மாவிடம் கராஜில் எத்தனை கார் நிற்கும் என்று சொல்லியிருப்பார்.

போன கோடையில் வந்த ஒருவருக்கு ஆல்டர்லி எட்ஜில் அருமையான வீடு ஒன்று பிடித்துவிட்டேன். என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“உள்ளேயே நீச்சல் குளம் இருக்கு. சின்னதா ஒரு சினிமா தியேட்டர்கூட இருக்கு.”

“துணி காயப்போட இடம் இருக்குங்களா?”

படங்களை மறுபடி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். இல்லை.

“எத்தனை வருஷத்துக்கு ஒப்பந்தம்?”

“அஞ்சு.”

“டி மரியாவுக்கு?”

“அவருக்கும் அஞ்சுதான். ஒரே சீசன்ல பாரிஸ் போயிட்டாரு.”

“அப்ப வாடகைக்கே பாருங்க. அட்வான்ஸ் எவ்வளவு கேக்குறாங்கன்னும் விசாரிச்சுடுங்க.”