பொன்னாடைக்கு வாசிக்கத் தெரியுமா தம்பி?

இஞ்ச வா தம்பி, செத்த திண்ணையில குந்து. ஒங்க பல்கலைக்கழக நூலகத்துல விழாக் கமிட்டியில ஒன்னையும் சேத்துட்டாங்களாமே? கழுத்துல பட்டை கட்டி அட்டை தொங்குதே, அப்பவே நெனச்சேன். சந்தைக்குப் போற மாட்டுக்குத்தான் எங்க காலத்துல அப்படிக் கட்டிவுடுவாங்க.

கோவிச்சுக்காதே. ஒங்களுக்குத்தான் எத்தனை நாளு! ஏப்ரல் 23 வந்தா உலகப் புத்தக தினம். ஆகஸ்டு 12 நூலகர் தினம். நவம்பர் 14 பொறந்தா நூலக வாரம். மிச்ச நாளெல்லாம் என்ன தினம்னு நான் கேட்டா ஒனக்கு மூஞ்சி சுருங்கும். கேக்கலை, போ.

அழைப்பிதழைப் பாத்தேன். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, நோக்கவுரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை. அப்பாடி! இத்தனை பேரு பேசி முடிச்சு, படிக்கிற புள்ளை எப்படா வாயைத் தொறக்கும்?

சரி, விழா எங்க வெச்சீங்க? வாசிப்பு அறையில. தலைப்பு என்ன? ‘வாசிப்பை நேசிப்போம்’. அங்க பரிச்சைக்குப் படிச்சுக்கிட்டிருந்த புள்ளைங்களை எழுப்பி மரத்தடிக்கு வெரட்டியாச்சு. அப்பறம் கூட்டம் சேரலன்னு அதே புள்ளைங்களைக் கூட்டியாந்து கடேசி வரிசையில ஒக்கார வெச்சாச்சு. ஏண்டாப்பா, படிச்சுக்கிட்டிருந்தவனை எழுப்பி, படிடான்னு புத்தி சொல்றதுக்கா மைக்செட்டு?

அதென்ன, போட்டோவுக்கு அடியில நம்பரு நம்பரா? அட்சரேகை, தீர்க்கரேகை, மணி, நிமிசம். பல்கலைக்கழகத்துக்குத் தரம் போடுற நாக் குழுவுக்குக் காட்டணுமாமே. பொன்னாடையை எந்த எடத்துல நின்னு போத்துனாங்கன்னு சாட்சி சொல்ல ஆகாசத்துல செயற்கைக்கோளு இருக்கு. அந்தப் பேச்சைக் கேட்டு எவன் எந்தப் புஸ்தகத்தை எடுத்தான்னு சொல்லத்தான் ஒரு ஆளு இல்ல.

சான்றிதழு இன்னும் வேடிக்கை. செல்போன்ல கட்டம் போட்ட படத்தைக் காட்டி, ‘மிக நன்று’ன்னு அமுக்குனாத்தான் மெயில்ல வருமாம். பேச்சு பாதியில இருக்கறப்பவே எல்லாப் பயலும் அமுக்கிட்டானுவ. வெவரமானவனுங்க. முழுசாக் கேட்டுட்டு அமுக்குனா மனசு மாறிடாதா?

மேடையில மாலை போட்டு ஒரு படம் வெச்சிருந்தீங்களே, அவரு யாருன்னாவது தெரியுமா? சீர்காழிக்காரரு, எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாரா இருந்தவரு. 1924-ல சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகரா வந்தாரு. நூலகத்துக்கு அஞ்சு விதின்னு 1928-ல சிதம்பரத்துல எடுத்துச் சொன்னாரு. 1931-ல அது புஸ்தகமாச்சு. இன்னைக்கும் உலகம் பூரா நூலகப் படிப்பு படிக்கிறவன் அதைப் படிக்கிறான். பாத்தியா, அதுவும் பேச்சுலேந்து வந்ததுதான். பேசவே கூடாதுன்னா நான் சொல்றேன்? சரக்கு இருந்தா பேசு. வெறுங்கை மொழம் போடுமா?

அந்த அஞ்சுல நாலாவது, படிக்க வர்றவன் நேரத்தை வீணாக்காதேங்கறது. அதைப் பத்தி ஒங்க விழாவுல ஒருத்தரு வெளாவாரியாப் பேசுனாரே! விழா மொத்தம் ரெண்டு மணி நேரம். அதுல முக்கால் மணி, விருந்தாளி காருக்குக் காத்திருந்தது.

அதே 1931-ல நம்ம மன்னார்குடிப் பக்கம் மேலவாசல்ல கனகசபைப் பிள்ளைன்னு ஒருத்தரு, மாட்டு வண்டியில புஸ்தகத்தை ஏத்தி ஊரு ஊரா அனுப்புனாரு. அதுக்கும் தொடக்க விழா உண்டு. ரங்கநாதனே வந்தாரு. ஆனா விழா முடிஞ்சதும் வண்டி நகந்துச்சு. ஒங்க விழா முடிஞ்சா என்னடா நகருது? விருந்தாளி காருதானே?

பொங்கலுக்குப் பறையாட்டம் வெச்சீங்க. நல்ல காரியம். நானும் கையைத் தட்டுனேன். ஆட்டம் முடிஞ்சு அந்த மனுசன் தண்ணி குடிக்க உள்ள வரப் பாத்தாரு. அட்டை எங்கன்னு கேட்டு வாசல்லயே நிப்பாட்டிட்டான் காவக்காரன். உள்ள மேடையில யாரு தெரியுமா? பறையைப் பத்தி எழுதி முனைவர் பட்டம் வாங்குனவரு! அந்த ஆய்வேடு ஒங்க அலமாரியிலதான் இருக்கு. பறை அடிச்சவரு கண்ணுல அதைக் காட்டணும்னு ஒருத்தனுக்காவது தோணுச்சா? தப்பா எழுதியிருந்தா அவரு திருத்தியிருப்பாருல்ல? ஒருவேளை அதுக்குத்தான் பயந்தீங்களோ?

இப்ப நான் சொல்றதைக் கேளு. அகல உழுவறதைவிட ஆழ உழு. மாசத்துக்கு நாலு விழா வேண்டாம், ஒண்ணு போதும். விருந்தாளி எந்தப் புஸ்தகத்தைப் பத்திப் பேசுறாரோ, அது பக்கத்து மேசையில இருக்கணும். நாலு பிரதி இருந்தா இன்னும் நல்லது. புஸ்தகம் குடுக்குற கவுண்டரைப் பூட்டிட்டு விழாவுக்கு வராதீங்க. விழா நாள்லதான் அது தொறந்திருக்கணும். படிக்கிறவனை எழுப்பாதே, வேற கூடம் பாரு. ஊரு சனத்தைக் கூப்பிட்டா உள்ளயும் வுடு. பொன்னாடைக் காசுல புஸ்தகம் வாங்கு. பொன்னாடையைப் போத்துனவனும் படிக்கப் போறதில்ல, வாங்குனவனும் கட்டப் போறதில்ல.

மறுநாள் காலையில கவுண்டர் கணக்கைப் பொரட்டு. நேத்து பேசுன புஸ்தகத்தை ஒரு புள்ளை எடுத்துட்டுப் போயிருந்தாலும் ஒன் விழா செயிச்சுடுச்சு, தைரியமா மீசையை முறுக்கு. ஒருத்தரும் எடுக்கலியா? கவலைப்படாதே. போட்டோவுல அட்சரேகை சரியா விழுந்திருக்கான்னு மட்டும் பாத்துக்க. குழுவுக்கு அது போதும்.