பிரதாப முதலியார் எதிர்நாயகரா? – ஓர் ஆராய்ச்சி

உலகில் தீராத பிரச்சினைகள் அநேகம் உண்டெனினும், குறைகள் மலிந்தவனாயும் அதிர்ஷ்டசாலியாயும் விளங்கும் கதாநாயகனை எதிர்நாயகன் எனக் கொள்ளலாமா என்னும் பிரச்சினையைப் போல, எவருக்கும் காலணா லாபமோ நஷ்டமோ விளைவிக்காததும், ஆகவே பண்டிதர்கள் பூரண சுதந்திரத்தோடு சண்டையிடத் தக்கதுமானது பிறிதொன்றில்லை. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை எழுதி 1879-இல் வெளிவந்த தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வைத்து இதனை ஆராயப் புகுகின்றோம்.

காப்பியத் தலைவன் ஒப்பாரில்லாதவனாயிருத்தல் வேண்டுமென்பது தண்டியலங்காரத்தின் விதி. நம் முதலியாரோ செல்வத்திலும் செல்லத்திலும் வளர்ந்து, படிப்பென்றால் காததூரம் ஓடியவர். பாடத்தில் அவர் செய்த பிழைகளுக்கெல்லாம் உபாத்தியாயரின் மகன் கனகசபை அடி வாங்கியமையால், பிழை ஓரிடத்திலும் தழும்பு வேறிடத்திலுமாக அவருடைய கல்வி இனிதே நடந்தேறியது.

இத்தகையவர் எதிர்நாயகரே என்பது பூர்வபட்சம். அது பொருந்தாது. எதிர்நாயகனாவதும் எளிதன்று; தர்மம் இன்னதென்று அறிந்தே அதனை மீறவும், மீறியதன் பலனைத் தன் முதுகிலேயே தாங்கவும் வேண்டும். முதலியாருக்கு முன்னதில் சிரத்தையில்லை. பின்னதற்கு அதிர்ஷ்டம் இடங்கொடுக்கவில்லை. காட்டில் வழிதப்பி, விக்கிரமபுரி சேர்ந்து, செருப்புத் தைப்பவன் ஒருவனோடு நேர்ந்த வழக்கில் சிறைப்பட்ட காலத்தும், அவ்வூர்ச் சிம்மாசனத்தில் வீற்றிருந்தவர், அவரைத் தேடி ஆண்வேடம் பூண்டு வந்த அவருடைய சொந்த மனைவி ஞானாம்பாளேயன்றி வேறெவருமல்லர்.

அங்ஙனமாயின் அவர் யார்? வடமொழி நாடக நூலார் நாயகரைத் தீரோதாத்தன், தீரோத்ததன், தீரசாந்தன், தீரலலிதன் என நால்வகைப்படுத்துவர். இவருள் தீரலலிதன், காரியச் சுமையை மந்திரியின் தலையில் ஏற்றிவிட்டுக் கவலையின்றிக் காலங்கழிப்பவன். மந்திரி என்னுமிடத்தில் மனைவி என்று திருத்திக்கொண்டால், இவ்விலட்சணம் நம் முதலியாருக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் அமைந்துவிடுகிறது.

அங்கும் ஒரு தடை எழுகிறது: பிறர் தலையில் ஏற்றிவிடுதற்கு, அரசுச் சுமை முதலில் தம்முடையதாயிருத்தல் வேண்டும். அரசனைத் தேடி வந்த விக்கிரமபுரி யானை, பிறவி அதிர்ஷ்டசாலியான முதலியாரை விடுத்து ஞானாம்பாளுக்கே மாலை சூட்டியது. நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துத் தந்த ஓர் ஆசிரியர், நாயகர் யார் என்னும் தம் நாவலின் பிரதான வழக்கை மாத்திரம் யானையின் தீர்ப்புக்கு விட்டது பெரிதும் சிந்திக்கத் தக்கது. அத்தீர்ப்பின்மேல் அப்பீலும் கிடையாது.

ஆகலின், பிரதாப முதலியார் எதிர்நாயகர் அல்லர் என்பது சித்தாந்தம். அவரை நாயகர் என்பதற்கும் நமக்குக் கிடைத்துள்ள பலமான ஆதாரம் ஒன்றுதான்: கதையைச் சொல்பவர் அவர்.