அரைத்தது போதும்!

கேள்வி: கட்டியில் எந்த மரபணு வேலை செய்கிறது என்று பார்க்க, ஒரு துண்டை அரைத்துச் சோதித்தால் போதாதா? லேசரை வைத்துப் படம் காட்டுவானேன்?

பதில்: நெடுநாள் அரைத்துத்தான் பார்த்தார்கள். மார்பகக் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கில் புற்றுச் செல் மட்டுமா இருக்கிறது? கொழுப்பு, ரத்தக்குழாய், நார்த்திசு, சண்டைக்கு வந்த வெள்ளையணுக்கள் என்று பெருங்கூட்டம். மொத்தத்தையும் அரைத்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தால் மிஞ்சுவது சராசரி. கல்யாண மண்டபத்து இரைச்சலைப் பதிவு செய்துகொண்டு வந்து, மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று கேட்கிற கதைதான். அதனால்தான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, வேண்டிய செல்களை மட்டும் லேசரால் பிரித்தெடுக்கிறார்கள்.

கேள்வி: எல்லாச் செல்லிலும் ஒரே டி.என்.ஏ. தானே? எதை எடுத்தால் என்ன?

பதில்: டி.என்.ஏ. ஏறக்குறைய ஒன்றுதான். எந்த மரபணு விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்பதில்தான் கல்லீரலுக்கும் கண்ணுக்கும் வித்தியாசம். விழித்திருக்கும் மரபணு ஆர்.என்.ஏ.வை உண்டாக்கும். அதை அளந்தால் செல்லின் அன்றாடம் தெரிந்துவிடும்.

கேள்வி: லேசர் பட்டால் செல் கருகிப்போகாதா?

பதில்: கவலை வேண்டாம், அது முன்பே செத்துவிட்டது. கெடாமல் இருக்க வேண்டியது உள்ளே இருக்கும் ஆர்.என்.ஏ. மட்டுமே.

1996இல் அமெரிக்காவின் பெதஸ்டாவிலுள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் மைக்கேல் எமர்ட்-பக், லான்ஸ் லியோட்டா குழுவினர் வெளியிட்ட முறையில் லேசர் எதையும் வெட்டுவதில்லை. திசுச் சீவலின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்றை வைக்கிறார்கள். அகச்சிவப்பு லேசர் ஒரு கணம் பட்ட இடத்தில் மட்டும் படலம் உருகி, கீழேயுள்ள செல்லோடு ஒட்டிக்கொள்கிறது. படலத்தைத் தூக்கினால் செல்லும் கூடவே வருகிறது. பிறகு வந்த கருவிகள் புற ஊதா லேசரால் செல்லைச் சுற்றி வெட்டுகின்றன. சேதம் வெட்டுக்கோட்டோடு சரி. வெட்டிய துண்டை ஜெர்மனியில் உருவான ஒருவகைக் கருவி லேசரின் உந்தலால் மேல்நோக்கி எறியும். இன்னொரு வகை கீழேயுள்ள குப்பியின் மூடியில் விழவிட்டுவிடும். அதில் புவியீர்ப்பு மட்டும் இலவசம், கருவி இல்லை.

கேள்வி: இந்த வேலையில் பெரிய வில்லன் யார்?

பதில்: ஆய்வாளரின் விரல். ஆர்.என்.ஏ.வைத் தின்னும் ஆர்.என்.ஏஸ் என்ற நொதி நம் தோலிலும் வியர்வையிலும் தாராளம். கொதிக்க வைத்தாலும் எளிதில் அசையாத ஜென்மம் அது. ஆகவே கையுறை போட்டுக்கொண்டு, உறைந்த திசுவைக் கடுங்குளிரில் எட்டுப் பத்து மைக்ரான் கனத்துக்குச் சீவி, சில நிமிடங்களுக்குள் சாயம் ஏற்றி, ஆல்கஹாலில் ஈரத்தை விரட்ட வேண்டும். மேலே கண்ணாடிச் சில்லு மூடக் கூடாது என்பதால் படம் மங்கலாகத் தெரியும். அந்த மங்கலில்தான் செல்லை அடையாளம் காண வேண்டும். காற்றில் ஈரப்பதம் ஏறினாலோ, செல் கண்ணாடியை விட்டு வர மறுக்கும்.

இத்தனை பாடும் எதற்கு? ஒரு செல்லில் கிடைக்கும் ஆர்.என்.ஏ. 10 முதல் 30 பிக்கோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் பிக்கோகிராம். பெருக்கி நகலெடுக்காமல் அளக்க முடியாது.

கேள்வி: உருப்படியாக ஏதாவது கண்டுபிடித்தார்களா?

பதில்: 1999இல் எலியின் தண்டுவட நரம்புமுடிச்சில் அக்கம்பக்கத்திலிருந்த பெரிய, சிறிய நியூரான்களைத் தனித்தனியே எடுத்தபோது, அவற்றின் மரபணுச் செயல்பாடு வேறுபட்டது. 2003இல் மக்காச்சோள நாற்றின் மேல்தோலுக்கும் சாற்றுக்குழாய்த் திசுவுக்கும் இதே சோதனை நடந்தது.

அதே 2003இல் வந்த மார்பகப் புற்றுநோய் ஆய்வுதான் சுவாரஸ்யம். 36 நோயாளிகளின் திசுவிலிருந்து இயல்பான செல், சந்தேகத்துக்குரிய செல், பால்குழாய்க்குள் அடங்கிய புற்று, வெளியே பரவிய புற்று எல்லாவற்றையும் தனித்தனியே எடுத்தார்கள். கட்டத்துக்குக் கட்டம் மரபணுக்கள் தலைகீழாக மாறும் என்றுதானே தோன்றும்? புற்றின் கட்டங்களுக்கிடையே ஒற்றுமைதான் மிகுந்திருந்தது. மரபணுச் செயல்பாட்டில் தெளிவான வித்தியாசம் காட்டியது, செல்கள் எவ்வளவு உருமாறியிருக்கின்றன என்று சொல்லும் தரநிலையே. கட்டி எவ்வளவு மூர்க்கமானது என்பது, குழாயை விட்டு வெளியேறும் முன்பே பெருமளவு எழுதப்பட்டுவிடுகிறது என்று இதை வாசிக்கலாம். அரைத்திருந்தால் இது தெரிந்திருக்குமா?

கேள்வி: இப்போதுதான் ஒற்றைச் செல் ஆய்வு வந்துவிட்டதே, லேசர் கடையை மூடவேண்டியதுதானே?

பதில்: ஒற்றைச் செல் ஆய்வுக்குத் திசுவை நொதி விட்டுக் கலைக்க வேண்டும். செல் கிடைக்கும், அதன் முகவரி தொலைந்துவிடும். யார் பக்கத்தில் யார் இருந்தார் என்பது பல நோய்களில் பாதிக் கதை. திசு இருந்த இடத்திலேயே ஆர்.என்.ஏ.வை அளக்கும் முறையை 2016இல் ஸ்டாக்ஹோமில் அறிமுகப்படுத்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், லேசரால் எடுத்த ஒற்றை நியூரானின் ஆர்.என்.ஏ.வைப் படிக்கும் முறையும் அதே ஆண்டு, அதே ஊரிலிருந்துதான் வந்தது.

கேள்வி: நாள் பூராவும் செல்லைச் சுற்றிக் கோடு போடத்தான் பி.எச்டி.யா?

பதில்: அப்படித்தான் இருந்தது. இப்போது கோடு போடும் வேலையைக் கணினிக்குத் தள்ளிவிட்டார்கள். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் உயிர்வேதியியல் நிறுவனத்தின் முறையில், செயற்கை நுண்ணறிவு செல்லைத் தேர்ந்தெடுக்கிறது, லேசர் வெட்டுகிறது. அளப்பது ஆர்.என்.ஏ.வை அல்ல, மரபணு கடைசியில் உண்டாக்கும் புரதங்களை.

மருந்து ஒவ்வாமல் தோல் தாள்தாளாக உரிந்து உயிரையே பறிக்கும் ஒரு நோயில், மெழுகில் பாதுகாத்த தோல் துணுக்குகளை இப்படி ஆராய்ந்தார்கள். ஜாக்-ஸ்டாட் என்னும் அழற்சிப் பாதை எல்லை மீறி வேலை செய்வது தெரிந்தது. அதைத் தடுக்கும் மாத்திரை வேறு நோய்களுக்காக ஏற்கெனவே விற்பனையில் இருந்தது. சீனாவில் ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். ஏழு பேரும் குணமானார்கள் என்று 2024இல் அறிக்கை வந்தது.