கேரவனுக்குக் கம்பளியா, மாப்ளே?

இன்னா மாப்ளே, பழைய வேனை வாங்கி உள்ளே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ் எல்லாம் வெச்சு கேரவன்னு பேரு வெச்சுட்டியாமே! கேரவன்னா ஷூட்டிங்ல நடிகருங்க மேக்கப் போடற வண்டின்னு இல்ல நெனச்சிருந்தேன். நம்ம குடும்பத்துலயும் ஒண்ணு கீதுன்னா எனக்கும் பெருமைதான்.

ஆனா லண்டன்காரன் வீடியோவைப் பார்த்துட்டு, குளிர்ல குழாய்த் தண்ணி உறையாம இருக்க மருந்து வாங்கினே பாரு, அங்கதான் சிரிப்பு வந்துடுச்சு. தை மாசத்துல திருப்பதி ராத்திரி 17, 18 டிகிரி. தண்ணி உறைய 0 வேணும்டா. 4,000 அடிக்கு மேல கீற ஹார்ஸ்லி மலைக்கே ஒரு ஸ்வெட்டர் போதும். மருந்தைத் திருப்பிக் குடுத்துட்டு, அந்தக் காசுல ரெண்டு எலிப்பொறி வாங்கு.

நம்ம பக்கம் வண்டிக்கு எதிரி ஐப்பசி, கார்த்திகை மழைதான். 2021 நவம்பர்ல திருப்பதித் தெருவெல்லாம் ஆறா ஓடினதை நீயே பார்த்தவன். இப்போ ஏரிக்கால்வாய் ஓரம் பச்சையா கீதுன்னு மழைக்காலம் முடியற வரைக்கும் அங்கே நிறுத்தப் பார்க்கறே. ஏன் பச்சையா கீதுன்னு யோசிச்சியா?

தார்ப்பாயைச் சுத்தி இறுக்கிக் கட்டாதே. வெளி மழை உள்ளே வராதுதான். உள்ளே இருக்கற ஈரமும் வெளியே போவாது. மார்கழியில தொறந்தா மெத்தை மேல காளான் அறுவடை பண்ணலாம். மெத்தையை வீட்டுக்குள்ள கொண்டுபோய் நிமித்தி வை. ஃப்ரிட்ஜ் கதவுல குச்சி குடுத்துத் தொறந்தே விடு. தண்ணித் தொட்டியைக் காலி பண்ணு, கொசு குடும்பம் நடத்தும். கேஸ் சிலிண்டரை இறக்கிடு.

சீட்டு இடுக்குல லட்டுத்தூள் கீதான்னு பாரு. திருப்பதி லட்டுக்கு 2009லயே புவிசார் குறியீடு குடுத்துட்டாங்க. எலிக்கு அதெல்லாம் எங்கே தெரியும், நெய் வாசனைதான் தெரியும். லட்டு தீர்ந்ததும் ஒயருக்குப் போவும். பிரசாதத்தைக் கூட்டித் தள்ளறது பாவம்னு பயப்படாதே, கூட்டி எறும்புக்குப் போடு.

எங்கப்பா, அதான் உன் தாத்தா, கூண்டு வண்டி வெச்சிருந்தார். அதுவும் கேரவன்தான்: உள்ளே வைக்கோல் மெத்தை, பின்னால சமையல் பாத்திரம், அடியில லாந்தர். மழைக்காலத்துல மாட்டை அவுத்ததும் ஏர்க்காலுக்கு முட்டுக் குடுத்து, சக்கரத்தைக் கல்லு மேல ஏத்தி, அச்சுக்கு வண்டிமை தடவிட்டுத்தான் சாப்பிட உக்காருவார். உனக்கும் அதே கணக்குதான். ஜாக்கி வெச்சுத் தூக்கி அச்சுக்கடியில கட்டை குடு. ஒரே எடத்துல நின்னா டயர் தட்டையாயிடும். சோம்பலா இருந்தா, வாரத்துக்கு ஒரு தரம் முன்னும் பின்னும் நகர்த்து. ஹேண்ட்பிரேக்கை இழுத்தே வெச்சுடாதே, ஈரத்துல துருப்புடிச்சு ஒட்டிக்கும். கியர்ல போட்டு, சக்கரத்துக்குக் கல்லு குடு.

பேட்டரி ஒயரைக் கழட்டிடு, மைனஸ் மொதல்ல. டீசல் டேங்கை ரொப்பி வை. காலி டேங்க் உள்ளே வேர்த்து, டீசல்ல தண்ணி எறங்கும். காசு கணக்குப் பார்த்துப் பாதி ரொப்புவே, தெரியும் எனக்கு.

எங்கே நிறுத்தறதுன்னு கவலைப்படாதே. என் மாட்டுக்கொட்டாய் காலியாத்தான் கீது: மேட்டு நெலம், ஓட்டுக்கூரை, நல்ல காத்து. மாட்டை வித்து மூணு வருசமாச்சு, வாசனைகூடப் போயிடுச்சு. வாடகையெல்லாம் வேணாம். தை பொறந்ததும் மொத ஓட்டம் ஹார்ஸ்லி மலைக்கு, முன் சீட்டு எனக்குன்னு உங்க அத்தைகிட்ட இப்பவே சொல்லிட்டேன். அவ மூட்டை கட்ட ஆரம்பிச்சுட்டா.