செத்த காலேஜுக்குப் போற பேரனுக்கு

வாடா பேராண்டி, உட்காரு. கழுத்துல என்ன, கன்னுக்குட்டிக்குத் தும்பு போட்ட மாதிரி பட்டையா தொங்குது? கேமராவா! நல்லது. உன் காசா, அப்பன் காசா? சரி, அதை விடு. எழும்பூர் மியூசியத்தைப் படம் எடுக்கப் போறியாம், உங்கம்மா தெரு பூராச் சொல்லிட்டா. அந்தக் காலத்துல மெட்ராஸ்ல அதைச் செத்த காலேஜும்பாங்க. மிருகக்காட்சி சாலை உயிர்க் காலேஜு. நீ படிக்கிற காலேஜுலதான் அரியர் வச்சிருக்கே, இதுலயாவது பாஸ் பண்றியா பாப்போம்.

கிழவனுக்கு என்ன தெரியும்னு சிரிக்காதே. சீர்காழியில ஒரு ஸ்டுடியோக்காரருக்குக் கல்யாணம் கல்யாணமா லைட்டு பிடிச்சவன் நான்.

அங்க உள்ளே போனா செவப்புக் கல்லுல ஒரு கட்டடம் நிக்கும். நேஷனல் ஆர்ட் கேலரி. ஹென்றி இர்வின் வரைஞ்சு கொடுத்தது, நம்பெருமாள் செட்டியார் கட்டினது, 1909ல திறந்தது. வாசல் மொகலாயர் கோட்டை வாசலாட்டம் ஓங்கி வளைஞ்சிருக்கும். நீ என்ன செய்வே? படிக்கட்டுக்கிட்டப் போயி, கேமராவை அண்ணாந்து பிடிச்சு ஒரு அமுக்கு. வீட்டுல வந்து பாத்தா கட்டடம் மல்லாக்க விழப்போற மாதிரி சாஞ்சிருக்கும். தூக்குக்குண்டு போட்டுக் கட்டின செட்டியார் சுவரை ஒரே அமுக்குல கோணலாக்கினவன்னு பேர் வாங்குவே. பின்னால போடா. போக இடம் இருக்கிற மட்டும் போ. கேமராவை மட்டமா பிடி. அடியில தரை கூடுதலா விழுந்தா விழட்டும், அப்புறம் வெட்டிக்கலாம். உச்சி வெயில்ல அந்தச் செவப்பு வெளுத்துப்போவும். காலையில திறந்த உடனே எடுக்கலாம், இல்லாட்டி சாயங்காலம். நீ எந்திரிக்கிற நேரத்துக்குச் சாயங்காலம்தான் தோது.

கேமராவுக்குத் தனிச் சீட்டு உண்டு, வாங்கிடு. மூணுகால் ஸ்டாண்டைத் தூக்கிட்டு நேரா உள்ளே போயிடாதே, ஆபீஸ்ல கேளு.

உள்ளே வெங்கலச் சாமிங்க கண்ணாடிக்குப் பின்னால இருப்பாங்க. இந்த வெள்ளைச் சட்டையோட போனேன்னு வை, நடராசரு திருவாசிக்குள்ள நீதான் ஆடுவே. கருப்புச் சட்டை போட்டுக்க. லென்ஸ் வாயில ரப்பர் வளையம் மாட்டி, கண்ணாடியோட ஒட்டினாப்புல வச்சு எடுத்தா உன் மூஞ்சி விழாது. காவக்காரர் முறைச்சார்னா விலகி, கொஞ்சம் சாய்வா நின்னுக்க.

ப்ளாஷை மட்டும் தொடாதே. நேரா அடிச்ச லைட்டுல கல்யாணப் பொண்ணுக்கு மூக்கே அமுங்கிப்போவும். பக்கத்துலேருந்து சாச்சுப் பிடிச்சாத்தான் மூக்குத்தி எடுத்துக் காட்டும். அங்க அமராவதிக் கல்லு இருக்கு, வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லு. விரக்கடை ஆழத்துல அம்புட்டுக் கூட்டத்தைச் செதுக்கி வச்சிருப்பான். எலியட் துரை 1845ல தோண்டி மெட்ராசுக்கு அனுப்பினதுல ஒரு பங்கு லண்டன் போயிருச்சு. மிச்சம் இருக்கிறதையும் நீ ப்ளாஷைப் போட்டுத் தேய்ச்சு வச்ச தரையாட்டம் ஆக்கிடாதே. வெளிச்சம் எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு பாரு, நிழல் விழுற பக்கமா நகர்ந்து எடு.

இனி முக்கியமான ஆளு. நம்ம திருவெண்காட்டு அர்த்தநாரி அங்கதான் இருக்காரு. மண்ணுக்குள்ளேருந்து வந்தவரு. புதையல் சட்டம்னு வெள்ளைக்காரன் 1878ல ஒண்ணு போட்டான். கடப்பாரையில சாமி தட்டுப்பட்டாக்கூட முதல் தரிசனம் சர்க்காருக்குத்தான். அவருக்கு முன்னால போனதும் கேமராவை மூடி வை. கையை எண்ணு. வலப்பக்கம் ரெண்டு, இடப்பக்கம் ஒண்ணு. அப்பன் பாதிக்கு ரெண்டு கை, அம்மா பாதிக்கு ஒத்தக் கை. ஒத்தக் கையால அத்தனை வேலையும் பாக்குறது யாருன்னு உன் அப்பாயியைக் கேளு, சொல்லுவா. வலப்பக்கத்துக் கையில ஒண்ணு எதுமேலயோ சாஞ்ச மாதிரி மடங்கியிருக்கும். காளை மேல சாஞ்ச கை. காளையைத்தான் காணோம். அந்தப் பக்கமா நகர்ந்து பாத்தா விறைப்பா நிக்கிற ஆம்பிளை. இந்தப் பக்கம் வந்தா இடுப்பு ஒடிஞ்சு நிக்கிற பொம்பளை. ரெண்டும் சேர்ற இடத்தை நேரா நின்னு எவனும் எடுப்பான். நீ ஓரத்துக்கு ஒண்ணு எடு. பின்னால போக வழி இருந்தா முதுகையும் எடு, சாமி கோவிச்சுக்காது.

உற்சவர்களோட பீடத்தையும் குனிஞ்சு பாரு. ஓட்டையும் வளையமுமா இருக்கும். ஒரு பயலும் அதைப் படம் எடுக்கமாட்டான். நான் ஸ்ரீபாதம் தாங்கினவன்டா, அந்த ஓட்டை எதுக்குன்னு என் தோளுக்குத் தெரியும். கம்பு செருகி, கயிறு போட்டு இறுக்கினாத்தான் சாமி வீதியில ஆடாம வருவாரு. கோயில்ல பட்டும் மாலையும் சாத்தினப்புறம் நமக்குத் தெரியறது மூஞ்சியும் கையும்தான். ஸ்தபதியும் குருக்களும் மட்டும் பாத்த இடுப்பையும் முதுகையும் அங்க சீட்டு வாங்கினவன் எவனும் பாக்கலாம். அதைப் பாக்காம நீ முதுகைக் காட்டிக்கிட்டு நின்னு செல்பி எடுப்பே.

பாரீசுல ரோதான்னு ஒரு சிற்பி இருந்தாரு. இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இதே மியூசியத்துல இருக்கிற திருவாலங்காட்டு நடராசரைப் போட்டோவுல பாத்தே சொக்கிப்போயி எழுதினாரு. 1921ல அது அச்சானப்போ அவரு உயிரோட இல்லை. போட்டோ எடுத்தவன் குறுக்க நின்னு ரெண்டு விரலைக் காட்டிப் பல்லிளிச்சிருந்தா, ரோதான் என்னத்தைப் பாத்து எழுதியிருப்பாரு?

ஒண்ணு விட்டுட்டேன். ஒவ்வொரு சாமிக்கும் பக்கத்துல இருக்கிற பேர்ப்பலகையை முதல்ல ஒரு படம் எடுத்துக்க. இல்லாட்டி ஊருக்கு வந்து சீதையைக் காட்டிப் பார்வதிம்பே, உங்கம்மாவும் கன்னத்துல போட்டுக்குவா.

எப்பக் கிளம்புறே? நாளைக்கு விடியக்காலை ரயிலா? டிக்கெட்டும் எடுத்தாச்சா? பலே! நாளைக்கு வெள்ளிக்கிழமைடா. மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு.